சிவப்பு வட்டமிட்ட ஐந்து நாள்

என் தொலைபேசி எண்ணை யாரோ யாருக்கோ கொடுத்துவிடுகிறார்கள். கோயிலில் ஒருமுறை பார்த்தவர், பழைய தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்தவரின் மச்சான், கெலுகோரில் இருக்கும் யாரோ ஒரு பெண். எல்லாருக்கும் ஒரே கேள்விதான். "அண்ணே, டாக்டரு ஹாஸ்பிஸ்னு சொல்லிட்டாரு. வீட்டுலயே வச்சிப் பாக்கவா, அவங்க எடத்துல கொண்டுபோயி விடவா? நீங்க என்னா செஞ்சீங்க?"

நான் பொறுமையாகவே பதில் சொல்கிறேன். ஹாஸ்பிஸ் என்றால் வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டம் ஒன்று, அங்கேயே கட்டில் கொடுத்துப் பார்க்கும் இல்லம் ஒன்று, இரண்டும் நோயை விரட்டுவதற்கில்லை, வலியை அடக்குவதற்கு. யாரிடம் கேட்க வேண்டும், என்ன கடிதம் வேண்டும், எல்லாம் சொல்வேன். ஆனால் அது பாதிப் பதில்தான். மீதியை ஒருவரிடமும் சொன்னதில்லை. சொல்ல வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் மனைவி லலிதா. லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடையில் இருபது வருடம் சேலை விற்றவள். முதுகு வலிக்கிறது என்றாள். நாள் முழுக்க நிற்கிற வேலை, வலிக்காமல் என்ன செய்யும் என்று நானும் தைலம் தேய்த்துவிட்டேன். பிறகு உடம்பெல்லாம் அரிப்பு. பிறகு சாப்பாடு இறங்கவில்லை. ஒருநாள் ஆயர் ஈத்தாம் சந்தையில் கீரை விற்கிற சீனத்தி அவள் முகத்தை உற்றுப் பார்த்து, "ஏன் உன் கண் மஞ்சளாக இருக்கிறது?" என்று மலாயில் கேட்டிருக்கிறாள். பக்கத்தில் படுத்து எழுந்த எனக்கு அது தெரியவில்லை. கீரைக்காரிக்குத் தெரிந்தது. இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் எரிச்சல் வரும்.

மருத்துவமனையில் ஸ்கேன் எடுத்தார்கள். வயிற்றுக்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டிக் கணையம் என்று ஓர் உறுப்பு இருக்கிறது. அதன் தலைப்பகுதியில் கட்டி. அது பித்தம் போகிற குழாயை நெருக்கியதால்தான் மஞ்சள். வாய்வழியாக ஒரு குழாயை இறக்கி, அடைத்த இடத்தில் சின்ன வலைக்குழாய் ஒன்றை வைத்துப் பித்தத்துக்கு வழிவிட்டார்கள். மஞ்சள் இறங்கியது. நோயே இறங்கிவிட்டதுபோல எங்கள் மகள் ஷாமினி சுங்கை பட்டாணியிலிருந்து போன் செய்து சிரித்தாள். அவள் அப்போது நான்கு மாதக் கர்ப்பிணி. முதல் பிள்ளை.

அதன்பிறகு காத்திருப்பு. கட்டியிலிருந்து ஊசியால் துளி சதை எடுத்துச் சோதிப்பதற்குப் பயாப்சி என்று பெயர். அதன் முடிவு வர இரண்டு வாரம். புற்றுநோய்ப் பிரிவின் காத்திருப்புக் கூடத்தில் குளிர்சாதனம் எலும்பைத் தொடும். லலிதா கடைக்கே உரிய பழக்கத்தில், எதிரே உட்கார்ந்திருக்கும் பெண்களின் சேலையை எடைபோடுவாள். "அது மைசூர் சில்க் இல்லங்க, ஏமாந்துட்டாங்க" என்று என் காதில் சொல்வாள். நான் எண் பலகையையே பார்த்துக்கொண்டிருப்பேன். எங்கள் எண் வருகிறதா, எத்தனை பேர் முன்னால், ஒருவருக்கு எத்தனை நிமிடம். நான் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் இருபத்தாறு வருடம் ஷிப்ட் சூப்பர்வைசர். யார் எப்போது வர வேண்டும், யார் எப்போது போக வேண்டும் என்று கட்டம் போட்டே பிழைத்தவன். பயம் வந்தால் எனக்குக் கை கட்டம் போடத்தான் போகும்.

முடிவைச் சொன்ன டாக்டர் ஓர் இளம் சீனப் பெண். கல்லீரலுக்கும் பரவிவிட்டது, வெட்டி எடுக்க முடியாது, மருந்து ஏற்றினால் கொஞ்சம் காலம் கிடைக்கலாம் என்றார். லலிதா இரண்டு முறை ஏற்றிக்கொண்டாள். மூன்றாவது முறை வேண்டாம் என்றாள். வாந்தி எடுத்து எடுத்துத் தொண்டை புண்ணாகியிருந்தது. அன்றைக்குத்தான் டாக்டர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப்போட்டு, என்னை விட்டுவிட்டு அவளிடம் கேட்டார். இனி எங்கே இருக்க விருப்பம்?

"வீட்டுல," என்றாள் லலிதா. பிறகு என் பக்கம் திரும்பினாள். "வச்சிக்குவீங்கல்ல?"

"இது என்னா கேள்வி?" என்றேன்.

"வச்சிக்குவேன்னு சொல்லுங்க."

"வச்சிக்குவேன்."

எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் பெட்ரோல் போட்டேன், டயருக்குக் காற்று அடித்தேன். உள்ளுக்குள் எங்கோ ஒரு விசையை அணைத்துவிட்ட மாதிரி இருந்தது. அது நீண்ட நாள் அப்படியே இருந்தது.

வீட்டுக்கு வரும் திட்டத்தில் பதிந்துகொண்டோம். ரோஸ்லின் மிஸ்ஸி வந்தார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் சொல்வோம். தமிழ்ப்பெண், கறுப்புப் பை ஒன்று, சத்தமில்லாத ரப்பர் செருப்பு. வாரத்துக்கு இரண்டு முறை வருவார், எந்நேரமும் அழைக்க ஓர் எண் கொடுத்தார். கட்டிலும் சக்கர நாற்காலியும் இரவல். காசு கேட்கவில்லை. மார்ஃபின் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பழகிப்போய்விடுமே என்றேன்.

"வலி இருக்கிறவங்களுக்கு அது வலிக்குத்தான் போவும் அண்ணே," என்றார். "நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா. வலி வந்தப்பறம் குடுக்கிறது இல்ல, வர்றதுக்கு முன்னாடி. நடுவுல வந்திச்சின்னா இந்தச் சின்ன அளவு. மலச்சிக்கல் வரும், அதுக்கு இது. எழுதி வச்சிக்குங்க."

எழுதி வைக்கவா எனக்குச் சொல்ல வேண்டும். சமையலறைச் சுவரில் மருந்து அட்டவணை ஒன்று ஒட்டினேன். அதைப் பார்த்த மிஸ்ஸி, எங்கள் ஆள்களுக்கே இப்படி எழுத வராது என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. இதையும் மறைக்காமல் எழுதுகிறேன். மனைவி செத்துக்கொண்டிருக்கும்போது அட்டவணைக்காகப் பெருமைப்பட்டேன்.

அந்தப் பெருமையின்மேல்தான் என் அக்கா பாக்கியம் வந்து உட்கார்ந்தார். அக்கா கெட்டவர் இல்லை. வாரம் மூன்று முறை பட்டர்வொர்த்திலிருந்து பஸ் ஏறி வந்து, லலிதாவுக்குத் தலை வாரி, கஞ்சி வைத்துக் கொடுத்துவிட்டுப் போவார். ஒருநாள் கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"தம்பி, வீட்டுலதான்னு முடிவா?"

"அவ ஆசப்படுறா அக்கா."

"ஆசப்படட்டும். அடைப்புல போயிட்டா என்னா செய்வ?"

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். சில நட்சத்திரங்களில் உயிர் போனால், போன இடத்தைப் பூட்டி வைக்க வேண்டும் என்பது வழக்கம். அவிட்டத்திலிருந்து ரேவதி வரை தொடர்ந்து வரும் ஐந்து நாளில் போனால் ஆறு மாதம். வேறு சில நட்சத்திரங்களுக்கு இரண்டு மாதம், மூன்று மாதம். பங்களாவில் இருப்பவர்கள் ஓர் அறையைப் பூட்டிவிட்டு மற்ற அறைகளில் புழங்குவார்கள். எங்களுடையது அடுக்குமாடியில் ஒன்பதாவது மாடி, இரண்டே அறை.

"மத்தது ரெண்டு மாசம், மூணு மாசம், எப்படியாச்சும் சமாளிச்சிக்கலாம்," என்றார் அக்கா. "இந்த அஞ்சு நாளுக்குத்தான் பயம். ஆறு மாசம் வீட்ட மூடிட்டா ஷாமினி எங்க வந்து படுப்பா? தலப்பிரசவம். பச்ச ஒடம்போட பச்சப் புள்ளய தூக்கிக்கிட்டு அந்த வீட்டுலயா நொழைவா? நீ படிச்சவன், சிரிப்ப. சிரிச்சிட்டுப் போ. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா ஆயுசுக்கும் ஒன்னைத்தான் சொல்லுவாங்க."

நான் சிரிக்கவில்லை. நம்பிக்கை இல்லை என்று சொல்லும் தைரியமும் இல்லை, நம்புகிறேன் என்று சொல்லும் நேர்மையும் இல்லை. அன்று மாலை, சமையலறைச் சுவரில் தொங்கிய மளிகைக்கடைத் தமிழ்க் காலண்டரில், பொடி எழுத்தில் இருக்கும் நட்சத்திரங்களைக் கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். அவிட்டம், சதயம், பூரட்டாதி, உத்திரட்டாதி, ரேவதி. இன்னும் ஒன்பது நாளில் தொடங்குகிறது. சிவப்பு மையால் ஐந்து வட்டம் போட்டேன். தொழிற்சாலையில் யாரும் லீவு எடுக்கக்கூடாத நாளுக்கு வீட்டுக் காலண்டரிலும் நான் அப்படித்தான் வட்டம் போடுவேன்.

அதற்குள் லலிதா பாதி நாள் தூங்கத் தொடங்கியிருந்தாள். கால் வீங்கி, தொட்டால் குழி விழுந்தது. மிஸ்ஸியிடம் எத்தனை நாள் என்று கேட்டேன். நாள் கணக்கு சொல்ல முடியாது, வாரக் கணக்காக இருக்கலாம் என்றார். நான் விடவில்லை. அடுத்த வியாழன் தாண்டுமா, திங்கள் தாண்டுமா என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

பிறகு அவரே வழிகாட்டினார். பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஓய்வு தேவைப்பட்டால், நோயாளியைச் சில நாள் தங்கள் இல்லத்தில் வைத்துப் பார்ப்பார்களாம். நான் உடனே முதுகைப் பிடித்துக்கொண்டேன். தூக்கமில்லை, இடுப்புப் பிடித்துவிட்டது, ஓர் ஐந்து நாள் கிடைத்தால் போதும் என்றேன். எந்த ஐந்து நாள் என்றும் நானே சொன்னேன். லலிதாவிடம் வேறு கதை. மார்ஃபின் அளவைச் சரிபார்க்க அங்கே வைத்துப் பார்க்க வேண்டுமாம் என்றேன்.

அவள் சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "சரிங்க," என்றாள்.

எங்கள் கட்டடத்தில் லிப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. எட்டில் நிற்கும், அடுத்தது பன்னிரண்டு. ஒன்பதிலிருந்து ஒரு மாடி படியிறங்க வேண்டும். பக்கத்து வீட்டுச் சீனக் கிழவரும் அவருடைய மகனும் நானும் சேர்ந்து சக்கர நாற்காலியோடு அவளைத் தூக்கி இறக்கினோம். அவ்வளவு லேசாக இருந்தாள். கிழவர் மூச்சு வாங்கிக்கொண்டே, திரும்பி வரும்போதும் கூப்பிடு என்றார். லலிதா என்னைப் பார்த்தாள். நான் படியைப் பார்த்தேன்.

அந்த இல்லம் ஒரு பழைய ஒற்றைமாடி வீடு. சில கட்டில்கள், வாசலில் மாமரம், வருவோர் போவோர் காலைச் சுற்றும் பூனை. மருந்து வாடையைவிடச் சமையல் வாடைதான் அதிகம். தொண்டு செய்ய வரும் பெண்கள், "பசியாறிட்டீங்களா?" என்று என்னையும் கேட்பார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஓய்வு வேண்டும் என்று கேட்ட மனிதன் ஐந்து நாளும் கட்டிலை விட்டு நகராமல் உட்கார்ந்திருந்ததை அவர்கள் கேள்வி கேட்கவில்லை.

முதல் மூன்று நாளும் லலிதா அதிகம் பேசவில்லை. கேட்டதைச் சாப்பிட முயன்றாள். தூங்கினாள். விழித்துக்கொண்டால் என்ன கிழமை என்று கேட்பாள். நான்காம் நாள் காலையில், மருந்து கொடுத்துவிட்டு மிஸ்ஸி போனதும், என் கையைச் சுரண்டினாள்.

"இன்னிக்கு உத்திரட்டாதிதானே?"

நான் தண்ணீர்க் குவளையை எடுத்தேன். அது காலியாக இருந்தது. திரும்ப வைத்தேன்.

"நாளைக்கு ரேவதி. அதோட முடிஞ்சிரும். அப்பறம் வீட்டுக்குப் போலாம்ல?"

"லலிதா..."

"இருபத்தாறு வருசமா ஒங்க சிவப்பு வட்டத்தப் பாக்குறேன். தண்ணி குடிக்கப் போனப்ப பாத்தேன். எனக்குத் தெரியாதா?" அவள் குரலில் கோபமில்லை. கடையில் வாடிக்கையாளருக்கு விலை சொல்வது போலச் சொன்னாள். "ஷாமினிக்கு வீடு வேணும். நீங்க செஞ்சது தப்பில்ல. சொல்லிட்டுச் செஞ்சிருக்கலாம்."

"வா, இப்பவே போவோம். நட்சத்திரம் என்னா நட்சத்திரம், பொல்லாத நட்சத்திரம்."

"வேணாங்க. நாலு நாளு ஓட்டிட்டேன். ஒருநாளுதானே. பயப்படாதீங்க, இருந்துக்கிறேன்."

இருந்துக்கிறேன் என்றாள். எனக்காக, மகளுக்காக, இரண்டு அறைக்காக அவள் அங்கே படுத்துச் சாகாமல் இருந்துகொண்டிருந்தாள். நான் அவளுக்குப் போட்ட கடைசி ஷிப்ட் அது. அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. எழுந்துபோய்க் குவளையில் தண்ணீர் பிடித்தேன். அது நிரம்பி என் சட்டைக் கை நனைந்த பிறகுதான் குழாயை மூடினேன்.

தாழ்வாரத்தில் ரோஸ்லின் மிஸ்ஸியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். இடுப்பு வலி பொய், காரணம் இது என்று. அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றிருந்தது.

"நீங்க மொத ஆளு இல்லண்ணே," என்றார். "ஆனா ஒண்ணு. இந்த வீட்டுல எல்லா நட்சத்திரத்துலயும் போயிருக்காங்க. மறுநாளே பெட்ஷீட்ட மாத்திட்டு அடுத்தவங்கள படுக்க வப்போம். பூட்டுனா நாங்க எங்க போறது?"

அந்த அறை யாருக்கோ வீடு என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நம் வீட்டில் ஆகாதது அங்கே ஆகட்டும் என்று கொண்டுவந்து விட்டிருந்தேன்.

ரேவதி முடிந்த மறுநாள் காலை அவளைக் கூட்டிவந்தோம். கிழவரும் மகனும் எட்டாம் மாடி லிப்ட் வாசலில் காத்திருந்தார்கள். ஷாமினி வயிற்றைத் தள்ளிக்கொண்டு சுங்கை பட்டாணியிலிருந்து வந்து சேர்ந்திருந்தாள். வீட்டுக்குள் நுழைந்ததும் லலிதா மகளை மட்டும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னாள். பெண்கள் பேச்சு என்று நான் கேட்கவில்லை.

அதன்பிறகு அவள் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ இருந்தாள். எனக்குத் தேதி சரியாக நினைவில்லை. கட்டம் போடுகிறவனுக்கு நாள் கணக்கு தவறியது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை. விழுங்க முடியாமல் போனதும் மிஸ்ஸி ஒரு சின்ன பம்பு கொண்டுவந்தார். பாட்டரியில் ஓடுவது, தோலுக்கடியில் மெல்லிய ஊசி, மருந்து சொட்டுச் சொட்டாகத் தானே இறங்கும். மருந்து அட்டவணைக்கு வேலை இல்லாமல் போனது. நான் கட்டில் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஷாமினி சமைத்தாள், எனக்குத் தட்டில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சமையலறைக்கே போகவில்லை.

உயிர் போனது ஒரு பிற்பகலில். மூச்சுக்கும் மூச்சுக்கும் இடையே இடைவெளி நீளும், பயப்படாதீர்கள் என்று மிஸ்ஸி முன்பே சொல்லியிருந்தார். நீண்டது. அடுத்தது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கீழே பள்ளிக்கூட வேன் ஒன்று ஹாரன் அடித்தது.

இப்போது எழுதப்போவதுதான் நான் யாரிடமும் சொல்லாத மீதி.

நான் அவள் பெயரைச் சொல்லி அழைக்கவில்லை. கையைத் தொடவில்லை. மகளைக் கூப்பிடவில்லை. எழுந்து, நேராகச் சமையலறைக்கு நடந்தேன். காலண்டரைப் பார்க்கப் போனேன். இன்றைக்கு என்ன நட்சத்திரம் என்று பார்க்க.

சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது.

ஷாமினி அடுப்புப் பக்கம் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அம்மாதான் எடுக்கச் சொன்னாங்கப்பா. வந்த அன்னிக்கே." அடுப்பை அணைத்தாள். "அப்பா மொதல்ல இங்கதான் வருவாரு, காலண்டரு இல்லன்னா திரும்பி என்கிட்டயே வருவாருன்னு சொன்னாங்க."

திரும்பிப் போனேன். அவளுடைய கண் பாதி திறந்திருந்தது. வெள்ளையில் மஞ்சள் திரும்பியிருந்தது. கீரைக்காரிக்கு முன்பே தெரிந்தது எனக்கு அன்றுதான் தெரிந்தது. அதை மூடிவிட்டு அவள் நெற்றியில் என் கன்னத்தை வைத்தேன். இத்தனை மாதமும் வராத அழுகை அப்போது வந்தது. பக்கத்து வீட்டுக் கிழவர் கதவைத் தட்டுகிற அளவுக்கு வந்தது.

மிஸ்ஸி வந்தார், கடிதம் கொடுத்தார், அதைக் கொண்டுபோய்க் காவல் நிலையத்தில் காட்டி ஈமச்சடங்குக்குப் பெர்மிட் வாங்கினோம். பாக்கியம் அக்கா ஐயரிடம் கேட்டுவிட்டு வந்து, "தம்பி, இன்னிக்கு..." என்று தொடங்கினார். கையைக் காட்டி நிறுத்தினேன். அக்காவுக்குத் தெரியும், ஐயருக்குத் தெரியும். மூன்று வாரம் என்பது அடுத்த அவிட்டத்துக்கு எவ்வளவு பக்கம் என்பது எனக்கும் தெரியும். கைப்பேசியில் ஒரு நிமிட வேலை. பார்க்கவில்லை. அக்கா ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, பிறகு குழந்தையைப் பார்க்கப் பஸ் ஏறி வந்துவிட்டார்.

போன வாரமும் ஒருவர் அழைத்தார். அவருடைய அண்ணனுக்கு நுரையீரலாம். வீடா, அவர்கள் இடமா, எது நல்லது என்று கேட்டார். இரண்டும் நல்லதுதான் என்றேன். பிறகு, "அண்ணன்கிட்ட கேட்டீங்களா?" என்றேன்.

லலிதா பிறந்த நட்சத்திரம் பூசம். போன நட்சத்திரம் எனக்குத் தெரியாது. ஷாமினியும் பிள்ளையும் அவள் உயிர் போன அறையில்தான் தூங்குகிறார்கள்.